சீர்காழிக் கணக்கு வாத்தியார் வளர்த்த மரம்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு பெரியவருடைய வாழ்க்கை வரலாறு. கம்ப்யூட்டர் படிக்கிற இன்றைய மாணவர்களுக்கும் உபயோகமாக இருக்க வேண்டும், என் காலத்து நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிடாமல் படிக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. எஸ். ஆர். ரங்கநாதன் என்று சொல்லிவிட்டேன். நூலகருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். சம்பந்தம் நிறைய இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பரில் நம் பசங்க மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே 'ட்ரீ' என்கிற மரம், அதோடு கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர் அவர்.

கம்ப்யூட்டர் படிக்காத நண்பர்களுக்காக முதலில் இந்த மரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாமெல்லாம் தொங்கிக்கொண்டு வந்த மின்சார ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் வளாகம்தான் வேர். பேசின் பிரிட்ஜில் பாதை பிரிகிறது. ஒரு கிளை கும்மிடிப்பூண்டிக்கு. இன்னொன்று வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கு. ஆவடியைத் தாண்டியதும் பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்குக்கு ஒரு சின்னக் கிளை. வேரிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கும் ஒரே வழிதான். அம்பத்தூர்க்காரர் பொன்னேரிக்குப் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை வந்து மாறி ஏற வேண்டும். இவ்வளவுதான் மரம். பூந்தமல்லி நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தப் புறநகர் ரயில் மரத்தில் உங்களுக்கு இலையே கிடையாது. அந்தக் குறையும் இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படும். மரத்தை நட்டவர் யாருக்கு எங்கே இடம் விட்டார் என்பதுதான் ரங்கநாதன் வாழ்க்கையின் பெரிய கேள்வி.

கணக்கிலிருந்து புத்தகத்துக்கு

1892ல் சீர்காழியில் பிறந்தவர் ரங்கநாதன். அந்த ஊரை ஆங்கிலத்தில் ஷியாலி என்று எழுதிய காலம். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் எஸ். ஊருக்கு, ஆர். தந்தை ராமாமிருதத்துக்கு. ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஊரில் பள்ளிப் படிப்பு. சென்னை கிறித்துவக் கல்லூரியில் கணிதத்தில் பி.ஏ., எம்.ஏ. பட்டங்கள். சிறு வயதிலிருந்து திக்குவாய். அதை வைத்துக்கொண்டு வாத்தியார் வேலைக்குப் போவதென்றால் எவ்வளவு மன உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சி முடித்து, 1917ல் மங்களூர் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கோயம்புத்தூர், அதன் பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. நல்ல கணக்கு வாத்தியார் என்று பெயர் எடுத்தார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் நியமிக்கப்பட்டார். வாத்தியார் சம்பளத்தைவிட இதில் சம்பளம் அதிகம். விண்ணப்பித்தவர்களில் ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. இவருக்கும் கிடையாது. சேர்ந்த சில நாட்களிலேயே வேலை பிடிக்கவில்லை. வகுப்பில் பசங்களோடு பொழுது போக்கியவருக்குத் தனியாக உட்கார்ந்திருப்பது தண்டனையாகத் தெரிந்தது. பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். இங்கிலாந்து போய்ப் படித்துவிட்டு வாரும், அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று சமாதானம் செய்து அனுப்பினார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவருக்குப் பாடம் எடுத்தவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகர நூலகத்தின் தலைவர். பாடத்தைவிட ரங்கநாதனை மாற்றியது அங்கே அவர் ஏறி இறங்கிய நூலகங்கள். தொழிலாளி வருகிறார், குடும்பத்துப் பெண் வருகிறார், குழந்தை வருகிறது. எல்லாரும் அலமாரிப் பக்கமே போய்ப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் அப்போது புத்தகம் என்றால் பூட்டின பீரோதான். புத்தகத்தைக் காப்பாற்றுவது நூலகர் வேலை, படிக்கிறவர் அதற்கு எதிரி என்ற மாதிரி நடந்துகொண்ட காலம்.

பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

அலமாரியைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. உள்ளே போகிறவருக்குத் தேடுவது கிடைக்க வேண்டும். அதற்கு அடுக்குமுறை வேண்டும். அன்றைக்குப் பெரிதாக இருந்தது அமெரிக்கர் மெல்வில் டூயி 1876ல் வெளியிட்ட பதின்ம முறை. அறிவை முதலில் பத்தாகப் பிரி, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாகப் பிரி, அதையும் பத்தாகப் பிரி. ஒரு கணுவுக்குப் பத்துக் கிளை கொண்ட மரம் அது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மரத்தை நட்டவர் அமெரிக்காவில் உட்கார்ந்து நட்டார். இலக்கியம் 800. அதில் அமெரிக்க இலக்கியம் 810, ஆங்கிலம் 820, ஜெர்மன் 830 என்று வரிசையாக முதல் கிளைகள். மிச்ச உலகம் முழுவதும் 890க்குள். அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு தமிழ் இலக்கியம் இருக்கிற இடம் இன்றைக்கும் 894.811. இரண்டாயிரம் வருஷத்து இலக்கியத்துக்கு ஆறு இலக்கம் கீழே இறங்கிப் போக வேண்டும். இதில் பகை எதுவும் இல்லை. தன் கண்ணுக்குப் பட்டதை வேருக்குப் பக்கத்தில் வைத்தார், படாததை ஓரத்தில் வைத்தார், அவ்வளவுதான். புரோகிராம் எழுதும் எல்லாரும் தெரியாமலே இதைத்தான் செய்கிறார்கள்.

ரங்கநாதனுக்கு இன்னொரு உறுத்தல். மரத்தில் ஓர் இலைக்கு ஒரே இடம்தான். ஆனால் புத்தகம் அப்படி இல்லை. இந்தியாவில் காசநோய்க்கு எக்ஸ்-ரே சிகிச்சை பற்றி நடந்த ஆராய்ச்சி என்று ஒரு புத்தகம் வந்தால் அதை நோய் என்ற கிளையில் வைப்பதா, எக்ஸ்-ரே என்ற கிளையில் வைப்பதா, இந்தியா என்ற கிளையில் வைப்பதா? எங்கே வைத்தாலும் மற்ற இரண்டு வழியாகத் தேடி வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இதற்கு விடை லண்டனில் ஒரு பெரிய கடையில் கிடைத்தது. அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். துளை போட்ட சில தகடுகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை வைத்து வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம், கிரேனும் செய்யலாம். முழுப் பொம்மையை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியதில்லை. உடனே கணக்கு வாத்தியார் மூளை வேலை செய்தது. அறிவு முழுவதற்கும் ஒரே ராட்சத மரம் எதற்கு? நோய்க்கு ஒரு குட்டி மரம், சிகிச்சைக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புத்தகம் வரும்போது தேவையான துண்டுகளை எடுத்துப் போல்ட்டுப் போட்டு முடுக்குவோம். அந்தப் போல்ட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட அடையாளம் முக்காற்புள்ளி, அதாவது கோலன். 1925ல் கப்பலில் திரும்பி வரும்போதே இந்த வேலையில் இறங்கிவிட்டார். 1933ல் கோலன் பகுப்புமுறை என்ற பெயரில் அது புத்தகமாக வந்தது.

அந்தக் காசநோய்ப் புத்தகத்துக்கு அவர் முறையில் எண் போட்டால் எப்படி இருக்கும்? மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து. நுரையீரல் 45, காசநோய் 421, சிகிச்சை 6, எக்ஸ்-ரே 253, ஆராய்ச்சிக்கு எஃப், இந்தியா 44, 1950ஆம் ஆண்டுக்கு என்5. நடுவில் நிறுத்தற்குறிகள். தமிழ் இலக்கியத்துக்கு அவர் கொடுத்த எண் ஓ31. ஓ என்பது இலக்கியம், 3 திராவிட மொழிகள், 31 தமிழ். ஆங்கிலத்துக்கு ஓ111. அதாவது இந்த மரத்தில் வேருக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ் ஒரு படி பக்கம்.

ஒன்பதாம் எண்ணை விட்டு வைத்த கதை

அவருடைய எண்களை முழு எண்ணாகப் படிக்கக் கூடாது. இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும். ஆசியா 4, இந்தியா 44, ஐரோப்பா 5. அலமாரியில் 44 முதலில் வரும், 5 பிறகு வரும். ஒவ்வொரு இலக்கமும் ஒரு படி கீழே இறங்குகிறது. இதைத்தான் இன்று மாணவர்கள் 'ட்ரை' என்ற பெயரில் முன்னொட்டு மரமாகப் படிக்கிறார்கள். செல்போனில் இரண்டு எழுத்துத் தட்டினவுடன் மீதிச் சொல்லை அது காட்டுவதற்குப் பின்னால் இந்த வகை மரம் இருக்கும். நம் வீட்டு முகவரியிலும் ஒன்று இருக்கிறது. பின்கோடில் முதல் இலக்கம் 6 தெற்கு மண்டலம், 600 சென்னை, 600053 அம்பத்தூர், 600054 ஆவடி, 600056 பூந்தமல்லி. தபால்காரர் ஒவ்வொரு இலக்கமாக மரத்தில் இறங்கித்தான் நம் வீட்டுக்கு வருகிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஓர் இடத்தில் 1 முதல் 9 வரை நிரம்பிவிட்டால் பத்தாவதாக வருகிறவரை எங்கே உட்கார வைப்பது? ரங்கநாதன் 1 முதல் 8 வரைதான் ஆளுக்குக் கொடுத்தார். 9ஐ வாசலாக விட்டார். எட்டும் நிரம்பினால் 91, 92 என்று மறுபடி எட்டு. அதுவும் நிரம்பினால் 991. எவ்வளவு பேர் வந்தாலும் பழையவரை எழுப்ப வேண்டாம்.

இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். 1980களின் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எனக்கு. சாமானுக்கு ஆறு இலக்கக் கோடு. முதல் இரண்டு வகை, அடுத்த இரண்டு உட்பிரிவு, கடைசி இரண்டு சாமான். நூறு போல்ட்டு வந்ததும் போல்ட்டுக் கிளை நிரம்பிவிட்டது. அடுத்த போல்ட்டிலிருந்து எல்லாம் 'இதர' என்ற தலைப்புக்குள் போனது. பிறகு ஆயில் சீல், பேரிங், எல்லாமே அங்கே. சில வருஷத்தில் ஸ்டோர்ஸிலேயே பெரிய கிளை 'இதர' தான். எது எங்கே என்று ஸ்டோர் கீப்பர் அண்ணாச்சி ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் ஊர்த் திருவிழாவுக்கு லீவு போட்ட வாரம், ஸ்டாக்கில் இருந்த ஒரு சீல் கிடைக்காமல் ஒரு ஷிப்டு முழுக்க மெஷின் நின்றது. அந்தக் கோடுகளை மாற்றி அமைத்தபோது ஒவ்வொரு மட்டத்திலும் 99ஐக் காலியாக விட்டு வாசலாக்கினோம். ரங்கநாதனின் 9தான் அது.

படிக்கிறவர் நேரம்

1928ல் சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1931ல் அந்தச் சங்கம் வெளியிட்ட அவர் நூல்தான் நூலகவியலின் ஐந்து விதிகள். அதில் நான்காவது, படிக்க வருகிறவரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஐந்தாவது, நூலகம் வளர்ந்துகொண்டே போகிற உயிர் என்கிறது. மாணவர்கள் இந்த இரண்டையும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மரத்தைப் பற்றி வருகிற பாடமெல்லாம் இந்த இரண்டுக்கும் நடக்கிற சண்டைதான்.

பத்து லட்சம் பெயர் இருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் பத்து லட்சம் தடவை பார்க்க வேண்டி வரலாம். இரு கிளை மரத்தில் சமமாக அடுக்கினால் சுமார் 20 தடவை போதும். ஆனால் பெயர்கள் அகரவரிசையிலேயே வந்து, அப்படியே மரத்தில் போட்டால் அது ஒரே பக்கமாகச் சாய்ந்து மூங்கில் மாதிரி வளர்ந்துவிடும். மறுபடி பத்து லட்சம். இந்தச் சாய்வைத் தானே நிமிர்த்திக்கொள்ளும் மரத்தை 1962ல் சோவியத் நாட்டு அடல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் வெளியிட்டார்கள். ஒரு கணுவில் நூற்றுக்கணக்கான கிளை வைத்து, கணு நிரம்பினால் இரண்டாகப் பிளந்து இடம் கொடுக்கும் பி-மரத்தைப் போயிங் கம்பெனியில் வேலை பார்த்த பேயரும் மெக்ரைட்டும் கண்டுபிடித்தார்கள். ஆய்விதழில் அது வந்தது 1972ல். கணுவுக்கு 100 கிளை என்றால் மூன்று படியில் பத்து லட்சம். இன்று பேங்கிலும் ரயில்வேயிலும் உள்ள மாதிரியான பெரிய டேட்டாபேஸ்களில் தேடல் இந்தக் குடும்பத்து மரங்களில்தான் பெரும்பாலும் நடக்கிறது. இவர்கள் ரங்கநாதனைப் படித்துவிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அதே இரண்டு தொல்லைக்கு அவரவர் வழியில் விடை தேடினார்கள்.

ரங்கநாதன் மரத்தோடு நிற்கவில்லை. புத்தகத்தை ஆளிடம் கொண்டுபோனார். 1931ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது அந்த இயக்கத்தின் வேலை. 1936ல் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தனிக் கட்டடம் வந்தது. 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. அதற்காகப் பல வருஷம் மசோதா எழுதி எழுதிக் கொடுத்தவர் இவர். அம்பத்தூரிலும் ஆவடியிலும் சொந்த வீடு கட்டின நம் நண்பர்கள் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறார்கள் இல்லையா? அந்தக் காசு இந்தச் சட்டத்தின் வழி வந்தது. கிளை நூலகத்தில் காலையில் பேப்பர் படிக்கிற பெரியவரும், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கிற பெண்ணும் ரங்கநாதனுக்குக் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்.

1945ல் சென்னையிலிருந்து ஓய்வு பெற்றார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷத்தில் சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தாமே வகைப்படுத்தினார். பிறகு டெல்லிப் பல்கலைக்கழகம், அதன் பிறகு சூரிச் நகரில் சில வருஷம். 1956ல் ஆயுள் முழுக்கச் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரும் சேர்த்து நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். 1957ல் பத்மஸ்ரீ. 1962ல் பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். எழுபது வயதில் புது மாணவர்களோடு உட்கார்ந்து வேலை செய்தார். 1972 செப்டம்பர் 27ல் பெங்களூரில் காலமானார். பி-மரக் கட்டுரை வந்த அதே வருஷம். நம் பின்கோடு வந்ததும் அந்த ஆகஸ்டு 15ல்தான்.

குறையும் சொல்ல வேண்டும். கோலன் முறை உலகம் முழுக்கப் பரவவில்லை. எண்கள் நீளம், புத்தக முதுகில் எழுதவே இடம் போதாது. பதிப்புக்குப் பதிப்பு விதிகளை மாற்றினார். ஒட்டின சீட்டைக் கிழித்து மறுபடி ஒட்டிய நூலகர்கள் எவ்வளவு சபித்தார்களோ! கம்ப்யூட்டரில் மரத்தைத் திருப்பிக் கட்டுவது நொடி வேலை, அலமாரியில் அது மாதக்கணக்கு வேலை. நம் நாட்டிலேயே பல நூலகங்கள் டூயி முறையில்தான் நிற்கின்றன. ஆனால் அவர் யோசனை வேறு வாசல் வழியாக வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் சட்டை வாங்கப் போனால் நிறம், அளவு, விலை, கம்பெனி என்று ஓரத்தில் தனித்தனியாக டிக் அடிக்கச் சொல்கிறதே, அது தனித்தனிக் குட்டி மரங்களைத் தேவைக்குச் சேர்த்து முடுக்கும் அதே மெக்கானோ வேலைதான்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் வருஷம், பிரிவு, பெயர் என்ற ஒரே மரத்தில் இருக்கிறது. எங்களைப் போன்ற பழையவர்கள் பழைய நண்பனைத் தேட அது போதும். ஆனால் வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்கு வந்த ஒரு திருவேற்காட்டுப் பெண்ணுக்கு, டூல் டிசைன் வேலையில் பக்கத்தில் நம் சீனியர் யாராவது இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பட்டியலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். எந்த வருஷத்து ஆள் என்று தெரிந்திருந்தால் அவள் ஏன் தேடப் போகிறாள்? வருஷத்துக்கு ஒரு மரம், பிரிவுக்கு ஒன்று, இப்போது இருக்கும் ஊருக்கு ஒன்று, செய்யும் வேலைக்கு ஒன்று என்று போடுங்கள். தங்கள் விவரம் எதைக் காட்டலாம் என்பதை உறுப்பினர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு 9 காலியாக இருக்கட்டும். கடைசி வருஷ மாணவர் இரண்டு பேர் ஒரு செமஸ்டரில் ஒரு புராஜெக்டாக முடித்துவிடலாம். அடுத்த மலர் வருவதற்குள் அது தயாராக இருந்தால், இந்தக் கட்டுரைக்கு அதைவிட நல்ல சன்மானம் வேறு வேண்டாம்.